மடங்குகிற இடத்தில் கே

வியாழக்கிழமை டிக்டேஷன்.
பத்து வார்த்தை, பத்துக்கும் முன்னால் ஒரு கே,
ஒன்றிலும் அதன் சத்தம் இல்லை.
புதன் சாயங்காலம் ஃபஹாஹீலில் புழுதிக்காற்று.
ஜன்னல் இடுக்கில் ஈரத் துண்டைச் செருகிவிட்டு
சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம்:
நான், ஜெபின், எதிர் ஃபிளாட் ருமைஸா,
அவள் கொண்டுவந்த ஸ்ட்ராபெரி வாசனை ரப்பர்.

முதல் வார்த்தை கத்தி.
என், ஐ, எஃப், ஈ என்றான் ஜெபின்.
முன்னால் கே இருக்கு மக்களே என்றேன்.
எதுக்கு?

நான் தமிழ் மீடியம்.
மார்த்தாண்டத்தில் இதே கேள்விக்குப்
பிரம்படி ஒன்று வாங்கினேன்.
பதில் இன்னும் வாங்கவில்லை.

அது காவல்காரர் மாதிரி, என்று ஆரம்பித்தேன்,
நம்ம பில்டிங் ஹாரிஸ்
வாசலில் பேசாமல் நிற்கிறாரே...
"அவர் எப்பவும் ஃபோன்ல பேசிட்டுத்தானே இருக்காரு?"
கதை அங்கேயே முடிந்தது.

தமிழில் இந்த வம்பே இல்லை,
எழுதியதைத்தான் வாசிப்போம் என்று கொஞ்சம் பீற்றினேன்.
கல்லில் ஒரு க,
தங்கத்தில் வேறொரு க,
பகலில் இன்னொரு க.
"மூணுக்கும் ஒரே எழுத்துதானேம்மா?"
டீ பொங்குது என்று எழுந்து போனேன்.

திரும்பி வந்தபோது ருமைஸா சொல்லிக்கொண்டிருந்தாள்:
அரபியில சூரியனுக்கு லாம் எழுதுறோம்ல,
வாசிக்கும்போது விட்டுடுறோம்ல.
அஷ்ஷம்ஸ்.
லாம் எங்க போச்சுன்னு அரபி மிஸ்ஸைக் கேட்டியா?
"இல்ல."
"இங்கிலீஷை மட்டும் ஏன் கேக்குற?"
அவனுக்கு அது நியாயமாகப் பட்டது.
எனக்கும்.

பிறகு மளமளவென்று எழுதினான்.
முட்டி. விரல்முட்டி. முடிச்சு.
மண்டியிடுதல். மாவு பிசைதல்.
எழுதியதை முறைத்துப் பார்த்தவன்
திடீரென்று மேசைக்கடியில் காலை உதறினான்.
"அம்மா, மடங்குற இடத்துல எல்லாம் கே!"

கத்தி மடங்காதே?
மடக்குக்கத்தி, ஆண்ட்டி.
கதவைத் தட்டுவது?
விரலை மடக்கித்தானே தட்டணும்.
மூக்கு?
மடங்காது. கே கிடையாது.
கழுத்து, என்றேன். ஜெயித்தேன்.
கழுத்து மடங்கும், முன்னால் கே இல்லை.

ஏசி மட்டும் இரைந்தது.
ருமைஸா எழுத்துக் கூட்டினாள். என், ஈ, சி...
"கே பின்னால இருக்கு!"
பிடரியைத் தொட்டுக் காட்டினாள்.

முழங்கையைப் பற்றி நான் கேட்கவில்லை.
'தெரியும்' என்பதற்கும் கே உண்டு.
அதில் எது மடங்குகிறதென்று
மூவருக்கும் தெரியவில்லை.

கடைசி வார்த்தை, கவசம் போட்ட குதிரைவீரன்.
தமிழில் எழுதினால் அவனும் நைட்,
ராத்திரியும் நைட்.
ராஜா முன்னால் முட்டி போடுகிறவனுக்குக் கே.
ராத்திரி யாருக்கும் முட்டி போடாது,
அதனால் அதற்கு இல்லை.
அப்படி முடிவாயிற்று.

தண்ணீர் எடுக்கப் போனபோதுதான் பார்த்தேன்.
ஃபிரிட்ஜில் அவன் அப்பாவின் டியூட்டி சார்ட்,
ஜெபின் கையெழுத்து:
டே, டே, ஆஃப், மூன்று நைட்.
மூன்றுக்கும் முன்னால்
கொட்டை எழுத்தில் கே.
பென்சில்தான். ரப்பரும் மேசையில் கிடந்தது.
அதற்குள் அவன் தூங்கிவிட்டான்.

காலை ஐந்தரைக்குக் கதவு திறந்தது.
ஷுஐபா பஸ், கையில் ஹெல்மெட்,
புருவமெல்லாம் புழுதி.
வாசலிலேயே குனிந்து
சேஃப்டி ஷூவின் முடிச்சை அவிழ்க்கிறார்.
வெடித்த விரல்முட்டி.
முட்டி ஒருதரம் சொடுக்கியது.
கே, கே, கே என்று எண்ணிக்கொண்டு நிற்கிறேன்.

"டிக்டேஷனுக்குப் படிச்சானா?"
"எல்லாம் தெரியும் அவனுக்கு" என்றேன்.
ரப்பரை ருமைஸாவிடம் கொடுக்கச் சொல்லி
அவன் பையில் போட்டேன்.